கடை யாருடையது? சிறு வியாபாரத்தைப் பதிவதும் அதன் வரியும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு நிகழ்ச்சிகளின் வரிசையில், 2025ஆம் ஆண்டில் ஒருகொடவத்தையில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எங்கள் இருவரில் ஒருவர் கணக்காளர், மற்றவர் சட்டத்தரணி. இருவரும் இதே பாடசாலையில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். சங்கத்தில் இருந்து எங்களைக் கேட்டபோது, “வியாபாரம் செய்கிற பிள்ளைகளுக்குப் பயன்படக்கூடியதாக ஏதாவது சொல்லுங்கள், ஆனால் சட்டப் புத்தகத்தை வாசித்துக் காட்ட வேண்டாம்” என்றார்கள். முடிந்தவரை அப்படியே செய்கிறோம்.

இந்த மண்டபத்துக்கு வரும் வழியில் பேஸ்லைன் வீதியும் அவிசாவளை வீதியும் சந்திக்கிற இடத்தைத் தாண்டித்தான் எல்லோரும் வந்திருப்பீர்கள். கொன்டெய்னர் லொறிகள் வரிசையாக நிற்கும். அந்தச் சாரதிகளுக்குச் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுப்பவர்கள், பக்கத்துத் தோட்டங்களில் பிளவுஸ் தைப்பவர்கள், இடியப்பம் அவித்துக் கடைகளுக்குப் போடுபவர்கள், கொட்டாஞ்சேனையில் கேக் ஓடர் எடுப்பவர்கள், வெள்ளவத்தையில் ரியூஷன் வகுப்பும் அழகுக்கலை நிலையமும் நடத்துபவர்கள் என்று நம் சங்கத்தில் எத்தனையோ பேர். அவர்களிடம் நாங்கள் முதலில் கேட்கிற கேள்வி “எவ்வளவு உழைக்கிறீர்கள்” என்பதல்ல. “பத்திரம் யாருடைய பெயரில் இருக்கிறது” என்பதுதான். பாதிப் பேருக்கு மேல் சொல்கிற விடை: “அவருடைய பெயரில்.” சிலர், “தம்பியுடைய பெயரில், அவன் இப்போது கனடாவில்” என்கிறார்கள். இன்னும் சிலரிடம் பத்திரமே இல்லை.

ஒரு வியாபாரத்துக்கு நம் நாட்டில் பொதுவாக மூன்று உருவங்கள் உண்டு: தனி வியாபாரம், பங்குடைமை, வரையறுத்த தனியார் கம்பனி. தனி வியாபாரமும் பங்குடைமையும் பிரதேச செயலகத்தில் பதியப்படும். ஒருகொடவத்தைக்காரர் கொலன்னாவைப் பிரதேச செயலகத்துக்கும், கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் பக்கத்தவர் கொழும்புப் பிரதேச செயலகத்துக்கும், வெள்ளவத்தையார் திம்பிரிகஸ்யாயவுக்கும் போக வேண்டும். கிராம உத்தியோகத்தரின் சான்று, அடையாள அட்டைப் பிரதி, இடத்தின் உறுதி அல்லது வாடகை உடன்படிக்கை ஆகியவை வேண்டும். உணவு செய்பவர் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வந்து பார்ப்பார். நகர சபையின் அல்லது மாநகர சபையின் அனுமதிப்பத்திரமும் வேண்டும். இந்த வேலைகளை ஒரு கிழமையில் முடித்தவர்களும் இருக்கிறார்கள், மூன்று மாதம் அலைந்தவர்களும் இருக்கிறார்கள்.

வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டம் 1918இல் வந்தது. நீங்கள் உங்கள் முழுப் பெயரிலேயே வியாபாரம் செய்தால் அதன்படி பதியத் தேவையில்லை. வேறொரு பெயர் வைத்தால்தான், தொடங்கி 14 நாளுக்குள் பதிய வேண்டும். “லக்ஷ்மி கேட்டரிங்” என்று பலகை போட்டால் பதிவு வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதியாதவர் காசு தராத வாடிக்கையாளர் மேல் வழக்குப் போடப் போனால், பதிவில்லாததே அவருக்குத் தடையாக வந்து நிற்கும்.

இதில் பலருக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. பெயரைப் பதிந்துவிட்டால் அந்தப் பெயர் நமக்கே சொந்தம் என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. “இன்ன பெயருக்குப் பின்னால் இருக்கிற ஆள் இன்னார்” என்று ஊருக்கு அறிவிப்பதுதான் இந்தப் பதிவு. பெயருக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வியாபாரக் குறியாகத் தனியே பதிய வேண்டும். பின்னால் இருக்கிற அந்த ஆள் இறந்துவிட்டால் பதிவும் அவரோடு போய்விடும்.

இங்கேதான் கண்ணீர் வருகிறது. எங்களிடம் வந்த ஒரு அக்கா, பெயர் சொல்ல மாட்டோம், இருபது வருடத்துக்கு மேல் சமையல் வியாபாரம் செய்தவர். விடிய மூன்று மணிக்கு அடுப்பு மூட்டுவார். கணவர் பார்சல்களை முச்சக்கர வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பார். பதிவு, வங்கிக் கணக்கு, வாடகை உடன்படிக்கை மூன்றும் கணவர் பெயரில் இருந்தன. அவர் மாரடைப்பில் போனார். எட்டுச் செலவுக்குக்கூட கணக்கில் இருந்து காசு எடுக்க முடியவில்லை. கடைச் சொந்தக்காரர் புது உடன்படிக்கையும் கூடிய வாடகையும் கேட்டார். கடனுக்கு வங்கிக்குப் போனால், “உங்களுக்கு வியாபார அனுபவம் இருக்கிறதா?” என்று கேட்டார்களாம். இருபது வருடம் சமைத்த கை. கேட்டவர்மேலும் பிழை சொல்ல முடியாது, அவருக்குக் காட்ட அக்காவிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இருக்கவில்லை.

2016 மே மாதம் களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டி, கொலன்னாவை, ஒருகொடவத்தை எல்லாம் தண்ணீருக்குள் போனது நினைவிருக்கும். தையல் மெஷின், குளிர்சாதனப் பெட்டி, அரிசி மூட்டை எல்லாம் போயின. இழப்பீடு என்று வந்தபோது முதற்கேள்வி பத்திரம்தான். வீட்டுக்குள்ளே சத்தமில்லாமல் நடந்த எத்தனையோ வியாபாரங்கள் வெள்ளத்தில் போனதற்கு எந்தக் கணக்கிலும் இடமில்லாமல் போனது.

அடுத்தது பங்குடைமை. இரண்டு தோழிகள், அல்லது அக்காவும் தங்கையும், சேர்ந்து செய்வது. நமக்குள்ளே என்ன எழுத்து என்று விட்டுவிடுவார்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. முதல் ஆயிரம் ரூபாவைத் தாண்டிய பங்குடைமை எழுத்தில், கையொப்பத்தோடு இருந்தால்தான் நீதிமன்றம் அதை ஏற்று நிலைநாட்டும் என்கிறது அது. 1840இல் ஆயிரம் ரூபா பெரிய முதல். இன்று அந்தக் காசுக்கு இரண்டு பேர் வயிறு நிறையச் சாப்பிடுவதே கஷ்டம். ஆகவே நடைமுறையில் எல்லாப் பங்குடைமைக்கும் எழுத்து வேண்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். யார் எவ்வளவு போட்டது, இலாபத்தை எப்படிப் பிரிப்பது, ஒருவர் வெளிநாடு போனால் அல்லது இறந்தால் என்ன செய்வது, இவ்வளவும் இரண்டு பக்கத்துக்குள் அடங்கும். கல்யாணத்துக்குப் பேசும்போது இதைவிட எத்தனையோ விஷயம் கூச்சமில்லாமல் பேசுகிறோம்.

பங்குடைமையில் இன்னொரு விஷயம். ஒரு பங்காளி பட்ட கடனுக்கு மற்றவருடைய வீடும் நகையும்கூடப் பொறுப்பு. கம்பனியில் அப்படியில்லை, போட்ட பங்கோடு பொறுப்பு நின்றுவிடும் என்பார்கள். ஏட்டில் அது சரி. ஆனால் சிறு கம்பனிக்குக் கடன் தரும் வங்கி பணிப்பாளரின் சொந்த உத்தரவாதத்தையும் சேர்த்து வாங்குகிறது. அதில் ஒப்பமிட்டபின் அந்தக் கடனைப் பொறுத்தவரை காப்பு இல்லை. மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டிய கடனிலும், சாப்பாட்டில் ஏதோ வந்து வழக்கு என்றாலும்தான் அந்தக் காப்பு உதவும்.

2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி ஒரே ஒருவர் பங்குதாரராக இருந்தும் தனியார் கம்பனி தொடங்கலாம். அதிகபட்சம் 50 பங்குதாரர். பதிவு இணையவழியில் நடக்கிறது. ஆனால் செயலாளர் வேண்டும், கணக்காய்வாளர் வேண்டும், வருடா வருடம் விவரத்திரட்டு அனுப்ப வேண்டும், தொடங்கியதை மூன்று மொழியிலும் பொது அறிவித்தல் செய்ய வேண்டும். இவ்வளவு செலவையும் தாங்குகிற வியாபாரமா என்று முதலில் பாருங்கள். பெரிய ஹோட்டலோ கொன்டெய்னர் நிறுவனமோ “கம்பனியாக இருந்தால்தான் ஓடர்” என்று கேட்கும்போது கம்பனியாக மாறலாம். மதிப்புக்காக மட்டும் “பிறைவேட் லிமிட்டெட்” போட்டவர்கள் இரண்டாம் வருடமே எங்களிடம் வந்து எப்படி மூடுவது என்று கேட்கிறார்கள்.

வரிக்கு வருகிறோம். கணக்கென்றதும் பின்வரிசையில் தூக்கம் வரும் என்பது எங்களுக்குப் பத்தாம் வகுப்பிலேயே தெரியும். ஒரே ஒரு உதாரணம் சொல்கிறோம், அதை மட்டும் கேளுங்கள்.

ஒரு வியாபாரம் செலவெல்லாம் போக வருடத்துக்கு 30 இலட்சம் ரூபா இலாபம் தருகிறது, வேறு வருமானம் எதுவும் இல்லை என்று வையுங்கள். 2025 ஏப்ரல் முதலாம் திகதியில் இருந்து தனிநபர் ஒருவருக்கு வருடத்துக்கு 18 இலட்சம் வரை வரி இல்லை. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், பிறகு ஐந்து ஐந்து இலட்சமாக 18, 24, 30, மிகுதிக்கு 36 வீதம். தனி வியாபாரம் என்றால் வரிக்குரியது 12 இலட்சம். முதல் 10 இலட்சத்துக்கு 60,000, அடுத்த இரண்டு இலட்சத்துக்கு 36,000. மொத்தம் 96,000 ரூபா.

அதே வியாபாரம் அக்காவும் தங்கையும் சரிபாதியாகச் செய்கிற பங்குடைமை என்றால் ஆளுக்கு 15 இலட்சம். இருவருமே 18 இலட்சத்துக்குக் கீழே, ஆகவே அவர்களுடைய சொந்தக் கணக்கில் வரி இல்லை. பங்குடைமையும் தன் விவரத்திரட்டைத் தனியே கொடுக்க வேண்டும். பங்குடைமையின் மட்டத்தில் கட்டிய வரி பங்காளிகளின் கணக்கில் வரவு வைக்கப்படும்.

அதே வியாபாரம் கம்பனி என்றால், முதலாவது ரூபாவில் இருந்தே 30 வீதம், 9 இலட்சம் ரூபா. மிஞ்சிய 21 இலட்சத்தைப் பங்கிலாபமாக எடுத்தால் அதில் இன்னும் 15 வீதம், 3,15,000. ஆக 12,15,000. முன்பு சிறு, நடுத்தர முயற்சிகளுக்கு 14 வீதம் என்று இருந்தது. 2022 ஒக்டோபரோடு அது போய்விட்டது. கம்பனி உங்களுக்கு மாதம் ஒன்றரை இலட்சம் சம்பளம் தருவதாக வைத்து, ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்டினால், கம்பனியின் இலாபம் 9,30,000 ஆகக் குறைந்து வரி 2,79,000 ஆகும். அப்போதும் தனி வியாபாரத்தைப் போல மூன்று மடங்கு.

வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கும் பிள்ளைகள், குறிப்பாக அமெரிக்காவில் இருப்பவர்கள், “எங்கள் ஊரில் இதற்கு வழி இருக்கிறதே” என்பார்கள். உண்மைதான். அங்கே 1958இல் இருந்து “எஸ் கோர்ப்பரேஷன்” என்று ஒன்று உண்டு. உருவத்தில் அது கம்பனி, பொறுப்பு வரையறுத்தது. மத்திய வருமான வரியில் மட்டும் பங்குடைமை போல, இலாபம் நேரே பங்குதாரர்களின் சொந்தக் கணக்குக்குப் போகும். அதற்கு 2553ஆம் இலக்கப் படிவத்தை வரி வருடம் தொடங்கி இரண்டு மாதம் பதினைந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும். உழைக்கிற பங்குதாரர் தனக்கு நியாயமான சம்பளம் எடுக்க வேண்டும், இலாபப் பங்காக மட்டும் எடுத்தால் வரித் திணைக்களம் கேள்வி கேட்கும். மத்திய வரியோடு வேலை முடிந்துவிட்டது என்றும் நினைக்கக் கூடாது, மாநிலத்துக்கு மாநிலம் கதை வேறு. கலிபோர்னியா இப்படியான கம்பனியின் இலாபத்திலும் 1.5 வீதம் எடுக்கும், குறைந்தது 800 டொலர். நியூயோர்க் மாநிலத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், நியூயோர்க் நகரமோ இந்த உருவத்தை ஏற்பதே இல்லை. டெக்சாசில் தனிநபர் வருமான வரி கிடையாது, ஆனால் கம்பனிக்கு அந்த மாநிலத்தின் பிராஞ்சைஸ் வரி உண்டு.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. எஸ் கோர்ப்பரேஷனில் 100 பங்குதாரர் வரை இருக்கலாம், ஆனால் எல்லோரும் அமெரிக்கப் பிரஜைகளாகவோ வரிச் சட்டப்படி அங்கே வதிபவர்களாகவோ இருக்க வேண்டும். நியூ ஜேர்சியில் இருக்கிற தங்கை அன்பு மிகுதியால் கொட்டாஞ்சேனையில் இருக்கிற அக்காவுக்கு ஐந்து பங்கு எழுதிக் கொடுத்தால், அன்றோடு அந்தக் கம்பனி எஸ் கோர்ப்பரேஷன் என்ற தகுதியை இழந்துவிடும். பிறகு சாதாரணக் கம்பனியைப் போல 21 வீத மத்திய வரி. அக்காவுக்குக் காசாகக் கொடுங்கள், பங்காகக் கொடுக்காதீர்கள்.

மறுபக்கமும் உண்டு. வெளிநாட்டுத் தங்கை இங்குள்ள அக்காவின் கம்பனியில் பங்கு வாங்கலாம். ஆனால் அந்தப் பணம் உள்முக முதலீட்டுக் கணக்கு என்று வங்கியில் திறக்கும் கணக்கின் ஊடாக வர வேண்டும், இல்லாவிட்டால் பிறகு இலாபத்தையோ முதலையோ வெளியே எடுக்கச் சிக்கல். வெளிநாட்டவரின் பங்கு 50 வீதத்தை எட்டினால், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டத்தின்படி அந்தக் கம்பனிக்குக் காணி எழுத முடியாது. காசு அனுப்பும்போது அது கடனா, அன்பளிப்பா, முதலா என்று ஒரு வரி எழுதி வையுங்கள். சகோதரிகளுக்குள் வழக்கு வந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். இருவருமே பொய் சொல்லவில்லை. அனுப்பியவர் முதல் என்று நினைத்தார், வாங்கியவர் சீதனக் கடனுக்கு ஈடு என்று நினைத்தார்.

இனி, பெண்களுக்கென்று இருக்கிற ஒரு முடிச்சு. விவாகமான பெண்கள் தம் பெயரில் சொத்து வைக்கவும் வியாபாரம் செய்யவும் கணவரின் தயவு வேண்டியதில்லை என்று பொதுச்சட்டம் சொன்னது 1923இல், 18ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில். நம் சங்கம் தொடங்க இரண்டு வருடம் முன்பு. ஆனால் தேசவழமைக்கு உட்பட்ட வடமாகாணத் தமிழர் அதில் சேரவில்லை. அவர்களுக்கு 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம். அதன்படி, சீதனமாகக் கொண்டுவந்த வீடாக இருந்தாலும், கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் மனைவி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. இந்தச் சட்டம் ஆளைப் பின்தொடர்வது. யாழ்ப்பாணத்து ஆள் வெள்ளவத்தைக்குக் குடிவந்ததால் மட்டும் அது விட்டுவிடாது. இந்தப் பக்கத்து மலையக, இந்திய வம்சாவளிக் குடும்பங்களுக்கு அது பொருந்தாது, அவர்களுக்குப் பொதுச்சட்டம்.

கணவர் நியாயமில்லாமல் மறுத்தால், அல்லது எங்கே என்றே தெரியாவிட்டால், மாவட்ட நீதிமன்றத்தில் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக அனுமதி கேட்கலாம். போருக்குப் பிறகு இதன் அருமை பலருக்குத் தெரியும். இந்தத் தடை காணி, வீடு போன்ற அசையாச் சொத்துக்கு மட்டும். கம்பனிப் பங்கு, வங்கி வைப்பு, நகை, தையல் மெஷின் எல்லாம் அசையும் சொத்து, அவற்றை அவள் தன் விருப்பப்படி செய்யலாம். தன் பெயரில் ஒரு தனி வியாபாரம் பதியவோ கம்பனியில் பங்கு எடுக்கவோ எந்தக் கணவரின் கையொப்பமும் வேண்டாம். இது தெரியாமல் எத்தனையோ பேர், “அவர் வரட்டும்” என்று படிவத்தை மேசையில் வைத்துக்கொண்டு இருக்கிறார்கள்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். வரி செலுத்துநர் அடையாள இலக்கம் எடுங்கள், அது எடுத்ததால் மட்டும் வரி வந்துவிடாது. வரி வருடம் ஏப்ரல் முதலாம் திகதி தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. வரி வரும் என்றால் ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களில் 15ஆம் திகதிக்குள் தவணை கட்ட வேண்டும், மிகுதியைச் செப்ரெம்பர் 30க்குள். விவரத்திரட்டு நவம்பர் 30க்குள். பெறுமதி சேர் வரி 18 வீதம் என்று பயப்படுகிறவர்களுக்கு: 2025இல் வருடத்துக்கு 6 கோடி அல்லது காலாண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாவுக்கு மேல் விற்பனை இருந்தால்தான் அதற்குப் பதிய வேண்டியிருந்தது. இந்த எண்கள் வரவு செலவுத் திட்டத்தோடு மாறும், அதனால் இந்த மலரை அலுமாரியில் வைத்துவிட்டு ஐந்து வருடம் கழித்து எடுத்துப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். மாகாண சபைகள் அறவிட்ட புரள்வு வரி 2011 தொடக்கத்தோடு நீங்கிவிட்டது. யாராவது வந்து அந்தப் பெயரில் காசு கேட்டால் பற்றுச்சீட்டைக் கேளுங்கள்.

ஒரு கொப்பி வாங்குங்கள், ஒற்றை வரிக் கொப்பி போதும். வந்தது ஒரு பக்கம், போனது ஒரு பக்கம். வியாபாரக் காசுக்கு உங்கள் பெயரில் தனி வங்கிக் கணக்கு. வீட்டு அரிசியையும் வியாபார அரிசியையும் ஒரே மூட்டையில் இருந்து எடுக்கிறவர்கள் அளந்தாவது எழுதுங்கள். வரிக்கு மட்டுமல்ல, வங்கியில் “அனுபவம் இருக்கிறதா” என்று கேட்டால் எடுத்துக் காட்டவும் அந்தக் கொப்பிதான்.

உரை தொடங்கும் முன்னமே ஒரு அக்கா வாசலில் நிறுத்திக் கேட்டார், அதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறோம். கணவரின் பெயரில் இருக்கிற பதிவைத் தன் பெயருக்கு மாற்றினால் அவர் மனம் நோகுமே, வேறு வழி இல்லையா என்றார். இருக்கிறது. அவருடைய பெயரை எடுக்கத் தேவையில்லை. இருவரும் பங்காளிகள் என்று ஓர் உடன்படிக்கை எழுதி, பிரதேச செயலகத்துக்கு மாற்றத்தை 14 நாளுக்குள் அறிவித்து, வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக்கி, கடை வாடகை உடன்படிக்கையை அடுத்த முறை புதுப்பிக்கும்போது இரண்டு பெயரும் போடுங்கள். இலாபம் இரண்டாகப் பிரிவதால் வரியும் பெரும்பாலும் குறையும், முதலில் அதைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள். உடன்படிக்கை எழுத வேண்டியவர்கள், தேநீருக்குப் பிறகு நூலகத்துக்கு வாருங்கள், இரண்டு பேருடைய அடையாள அட்டைப் பிரதியும் இருந்தால் நல்லது. நாங்கள் ஆறு மணி வரை அங்கே இருப்போம்.